அடித்த வரிகள் எழுந்து வந்தன

“கொலை இல்ல, கொள்ளை இல்ல, ஒரு துண்டுப் பேப்பர்கூடக் காணாமப் போகல. அப்புறம் நம்மள எதுக்கு பாஸ் கூப்பிட்டாங்க?”

“செத்துப்போன ஒருத்தரை யாரோ அவமானப்படுத்திட்டாங்களாம், வால்,” என்றார் பாஸ், மாடிப்படி ஏறிக்கொண்டே.

வால் என்பது நான்தான். பாஸ் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு பெண்மணியை பாஸ் என்று கூப்பிடலாமா என்று கேட்பவர்கள் அவரிடம் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும். குற்றவாளியை விட்டுவிட்டு உதவியாளனைக் குறுக்கு விசாரணை செய்கிற துப்பறிவாளர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது மாடியில் ஒரு நீண்ட கூடம். மறைந்த எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யாரும் எங்கிருந்தும் படிக்கும்படி பதிப்பாக்குகிற பிரிவு அது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் சாய்வுப் பலகையில் ஒரு பழைய தாள், அதன்மேல் குனிந்த ஒரு தலை. சுவரில் ‘அமைதி’ என்று எழுதியிருந்தது. நான் தும்மியதற்கு ஆறேழு தலைகள் நிமிர்ந்து முறைத்தன.

பதிப்பாசிரியர் எங்களைத் தன் கண்ணாடி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். ஒரு வாரமாகத் தூங்காத முகம்.

“பெரிய எழுத்தாளருங்க. அவரோட கடைசி நாவல், இதுவரைக்கும் வெளிவராதது. அவர் பொண்ணு எங்களை நம்பிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தாங்க. வெள்ளோட்டமா அஞ்சாறு அத்தியாயம் வெளியிட்டோம். மறுநாளே மானம் போச்சு. அந்தம்மா போன்ல கத்தறாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள யார் செஞ்சதுன்னு சொல்லலன்னா பிரதியைத் திருப்பி வாங்கிக்கறாங்களாம்.”

“என்ன செஞ்சாங்க?” என்றார் பாஸ்.

“அதை இவர் சொல்வார்,” என்று பதிப்பாசிரியர் கை காட்ட, கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் வந்தான். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டை. ஒரு முடி பிசகாமல் வாரிய தலை. கையில் ஒரு காபி. ஒன்றே ஒன்று. அதை பாஸுக்கு முன்னால் வைத்துவிட்டு என்னை நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அந்த நிமிடமே அவனுக்குச் சீப்பு என்று பெயர் வைத்துவிட்டேன்.

சீப்பின் வேலை, மற்றவர்கள் படியெடுத்ததைச் சரிபார்ப்பது. அவன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினான்.

“எழுத்தாளர் ஒரு வரி எழுதுவார். பிடிக்கலன்னா பேனாவால அடிச்சிடுவார். நாங்க அந்த வரியைத் தூக்கிப் போட மாட்டோம் மேடம். அதையும் டைப் பண்ணி, முன்னால ஒரு டேக், பின்னால ஒரு டேக்னு குறி போட்டு மூடிடுவோம். ‘இது அவர் அடிச்ச வரி’ன்னு கம்ப்யூட்டருக்கு அர்த்தம். சும்மா கதை படிக்கறவங்க கண்ணுக்கு அந்த வரி தெரியாது. ஆராய்ச்சி பண்றவங்க கேட்டா மட்டும் காட்டும்.”

“யாரோ அந்த டேக்கை எடுத்துட்டாங்க.”

“கரெக்ட் மேடம். மூடி போனதும் உள்ளே இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு.”

“அருமையா விளக்கறீங்க,” என்றார் பாஸ்.

எத்தனையோ வருஷமாக எத்தனையோ விஷயங்களை நானும் விளக்கியிருக்கிறேன். ‘சுருக்கமாச் சொல்லு’ என்பதைத் தாண்டி ஒரு சொல் எனக்குக் கிடைத்ததில்லை. வயிறு எரிந்தது. காபி வேறு இல்லை.

திரையில் நாவலின் ஒரு பத்தி இருந்தது. நாயகன், பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறான். ‘நீ வராத நாளில் இந்தக் கதவு சுவராகிவிடுகிறது’ என்று உருகுகிறான். அடுத்த வரியில், ‘அவன் செருப்பைத் தேடினான், ஒன்றுதான் கிடைத்தது.’ அதற்கடுத்த வரியில் கதவு திறக்கிறது. நாலு வரி தள்ளி அதே கதவு திறக்கவே இல்லை. கிழவருக்குக் கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று படித்தவர்கள் எழுதித் தள்ளியிருந்தார்கள்.

“டேக்கை எடுத்தது யார் பேர்ல பதிவாகியிருக்கு?”

பதிப்பாசிரியர் குரலைத் தாழ்த்தினார். “அதுதாங்க வேதனை. எங்க பூதக்கண்ணாடி பேர்ல.”

அதுவும் பட்டப்பெயர்தான். எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுகிற பெண் என்பதால் கூடமே அப்படி அழைத்தது. கடைசி நாவலைப் படியெடுத்தவள் அவள். வாரத்தில் சில நாள் இங்கே, சில நாள் வீட்டிலிருந்து வேலை. வெளியே தன் மேசையில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த சாய்வுப் பலகை காலியாக இருந்தது. தாளை எடுத்து வைத்துவிட்டார்கள்.

“நான் செய்யலீங்க,” என்றாள், பாஸ் கேட்பதற்கு முன்பே. “ரெண்டு வருஷம் அவர் கையெழுத்தோட குடித்தனம் பண்ணியிருக்கேன். அவர் வேண்டாம்னு அடிச்சதை நான் எழுப்பி விடுவேனா? இந்த வேலை போனா வேற வேலை கிடைக்கலாம். ஆனா அவரைக் கெடுத்தவன்னு பேர் வந்துட்டா, எந்தக் கையெழுத்தையும் என்னை நம்பி யாரும் கொடுக்க மாட்டாங்க.” காலிப் பலகையைத் தள்ளி வைத்தாள்.

பாஸை ஓரமாக இழுத்தேன். “பாஸ், கேஸ் முடிஞ்சுது. சீப்புதான்.”

“யாரு?”

“அந்த இஸ்திரி. பக்கத்து மேசை. பாஸ்வேர்டை எட்டிப் பார்த்திருப்பான். கடைசி நாவல் தனக்குத்தான் வரும்னு இருந்திருப்பான். அவளுக்குப் போச்சு. பொறாமை. முகத்துல எழுதி ஒட்டியிருக்கு.”

“அவர் முகத்துலயா, உன் முகத்துலயா?” என்றார் பாஸ். ஆனாலும் சீப்பைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார். “இந்த நாவல் உங்களுக்குக் கிடைக்கலன்னு வருத்தமா?”

“வருத்தமா? வயிறு எரிஞ்சுது மேடம்,” என்றான் சீப்பு. “அவங்க ஒவ்வொரு நாளும் ஒரு வரியைக் கண்டுபிடிச்சுச் சிரிப்பாங்க பாருங்க, அதைப் பார்த்து ரெண்டு வருஷமா எரிஞ்சுட்டுத்தான் இருக்கேன். ஆனா இதை நான் செய்யல. செஞ்சவங்க எங்க ஆளே இல்ல. வாங்க காட்டறேன்.”

இப்படி உடைத்துப் பேசுகிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்?

அவன் ஒரு வரியைத் தொட்டு ஒரே ஒரு பட்டனை அழுத்தினான். முன் டேக்கும் பின் டேக்கும் ஒன்றாக மறைந்தன. “எங்க ஆளுங்க எல்லாருக்கும் இதுதான் பழக்கம். எழுத்தெழுத்தா அழிக்க யாருக்குப் பொறுமை இருக்கு? ஆனா இதைப் பாருங்க. வேலை நடக்கும்போதே கம்ப்யூட்டர் அப்பப்போ தானாச் சேமிச்சுக்கும். அப்படிச் சேமிச்சதுல மாட்டினது.”

திரையில் ஒரு டேக் பாதி அழிந்து நின்றது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. யாரோ ஒவ்வோர் எழுத்தாக, பதறாமல், முன்பக்கத்தை முடித்துவிட்டுப் பின்பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். நடுவில் இருந்த வரியில் ஒரு புள்ளிகூட அழியவில்லை. டேக் இருந்த இடத்தில் மிஞ்சிய இடைவெளியையும் ஒட்டி மூடியிருந்தார்கள்.

“எங்க ஆபீஸ்ல யாரும் இவ்வளவு சுத்தமா வேலை பார்க்க மாட்டோம் மேடம்,” என்றான் சீப்பு. பாஸ் சிரித்தார். பாஸ் சிரித்து நான் பார்த்து மாதக்கணக்காகிறது.

“இவரே அவளை மாட்டி விடறார், இவரே அவுத்து விடறார்,” என்று முணுமுணுத்தேன். “பாஸ், ஒருவேளை வேணும்னே...”

“வால், வாயை மூடிட்டு, தாள்ல எழுத்தாளர் அடிச்சிருக்கறதையெல்லாம் பாரு.”

பாஸ் கேட்டதன் பேரில் கையெழுத்துத் தாள்கள் வந்தன. எழுத்தாளர் இரண்டு விதமாக அடிக்கிறவர். லேசான கோபம் என்றால் வரியின்மேல் ஒற்றைக் கோடு. பலத்த கோபம் என்றால் கன்னாபின்னாவென்று கிறுக்கி, கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஆக்கிவிடுவார். வெளியே எழுந்து வந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தாளோடு ஒத்துப் பார்த்தேன். என் கழுத்து வலித்தது.

“என்ன தெரியுது?”

“ஒற்றைக் கோடு போட்டு அடிச்சது ஒண்ணுகூட வெளிய வரல பாஸ். கிறுக்கி அடிச்சது மட்டும்தான் வந்திருக்கு. காதல் வசனமும் வந்திருக்கு, செருப்பும் வந்திருக்கு. எந்த ரசனையும் இல்லாத திருடன்.”

“ரசனையைப் பார்த்து எடுக்கல. அப்போ எதைப் பார்த்து எடுத்தான்? கிறுக்கினது தாள்ல மட்டும்தான் தெரியும். தாள் இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகாது. கம்ப்யூட்டர்ல ரெண்டுக்கும் ஒரே டேக்தான்.” பாஸ் பூதக்கண்ணாடியிடம் திரும்பினார். “நீங்க வீட்ல எப்படி வேலை பார்ப்பீங்க?”

“தாளோட படத்தை மடிக்கணினியில வச்சுக்கிட்டு. கஷ்டமான இடமெல்லாம் வீட்டு நாளுக்குன்னு ஒதுக்கி வைப்பேன்.”

“ஏன்?”

அவள் சுவரில் இருந்த ‘அமைதி’யைக் காட்டினாள். “இங்கே வாயைத் திறக்க முடியாதுங்க.”

“வாய் எதுக்கு?”

“கிறுக்கினதைக் கண்ணால மட்டும் படிக்க முடியாது. தெரியற எழுத்தை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்க்கணும். எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான். கண்ணு தோத்த இடத்துல காது கண்டுபிடிக்கும்.”

“இப்போ எங்களுக்காக ஒண்ணு படிங்க.”

கண்ணாடி அறைக்குள் போனோம். புதிதாக ஒரு தாளைக் கொடுத்தார்கள். அவள் குனிந்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, “உன் பெ... உன் பெய... உன் பெயரை,” என்றாள். நிறுத்தினாள். “உன் பெயரை நான்... உன் பெயரை நான் சொல்...” திரும்பத் திரும்ப, கெஞ்சுவதுபோல, தூங்குகிறவரை எழுப்ப மனமில்லாமல் எழுப்புவதுபோல. “உன் பெயரை நான் சொல்வதில்லை, தேய்ந்துவிடும் என்று பயம்.” கண்டுபிடித்ததும் கண்ணை மூடிச் சிரித்தாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் குரலில் யாராவது என் பெயரை அல்ல, என் செருப்பின் பெயரைச் சொல்லியிருந்தால்கூடப் போதும். செத்துப்போன கிழவர்மேல் எனக்கே பொறாமை வந்தது.

பாஸ் என் முகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

“வீட்ல நீங்க இப்படிப் படிக்கும்போது பக்கத்துல யாரு?”

“யாருமில்லீங்க. வீட்டுக்காரர் முன் ரூம்ல தச்சுட்டிருப்பார். டெய்லர்.”

“படிக்கறப்போ மெஷின் சத்தம் தொந்தரவா இருக்காதா?”

“இருக்காதே. நான் படிக்க ஆரம்பிச்சா மெஷின் நின்னுடும். எனக்குத் தொந்தரவாகக் கூடாதுன்னு அவரே நிறுத்...”

வாக்கியத்தின் நடுவில் அவள் முகம் மாறியது. கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தாள்.

“போலாம்,” என்றார் பாஸ்.

அவள் வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறைதான் தையல் கடை. கழுத்தில் டேப், காதில் சாக்பீஸ், மடியில் ஒரு கோட்டு. தையல்காரர் எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். பின்னால் மனைவியைப் பார்த்ததும், “என்னம்மா, அதுக்குள்ள வந்துட்ட? உடம்புக்கு என்ன?” என்று பதறினார். நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிந்தது. குற்றவாளி சீப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இப்போதும் ஆசை.

மடியிலிருந்த கோட்டின் ஓரத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு முனையை நூல் நூலாக எடுத்து, மறுமுனைக்குப் போய் அங்கேயும் எடுத்து, துணியில் ஊசித்துளைகூடத் தெரியாதபடி நகத்தால் நீவி விட்டிருந்தார். பாஸ் அதையே பார்த்தார்.

“உங்க வீட்டம்மா வேலையை நீங்க படிச்சுப் பார்த்திருக்கீங்களா?”

“எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? கதையும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. ஒரு வரி தெரியாது.”

“பாவம், நல்ல எழுத்தாளர். என்ன அழகா எழுதியிருக்கார்! ‘நீ வராத நாளில் இந்தக் கதவு ஜன்னலாகிவிடுகிறது’...”

“சுவரு,” என்றார் தையல்காரர்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளைக்குத் தான் கெட்டது புரியவே ஒரு நிமிடம் பிடித்தது. கையிலிருந்த கோட்டு நழுவியது.

“என்னங்க,” என்றாள் பூதக்கண்ணாடி. “நீங்களா?”

அவர் பாஸைப் பார்த்துப் பேசவில்லை. மனைவியையும் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துப் பேசினார்.

“ரெண்டு வருஷமாக் கேட்டுட்டிருக்கேன். சாப்பிட வாங்கன்னு என்னை ஒரு தடவைதான் கூப்பிடுவ. அந்த ஆளோட வரியை மட்டும் பத்துத் தடவை கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லுவ. செருப்பைத் தேடறதைக்கூட! நீ குளிக்கப் போனப்போ உன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். பக்கம் பூரா எழுத்து. நீ கொஞ்சற வரி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் சிவப்பா என்னமோ போட்டிருந்த. பார்டர் வச்சுத் தச்ச மாதிரி.”

“அது டேக்குங்க! அடிச்ச வரியெல்லாம் திரையில சிவப்பாத் தெரியும்!”

“எனக்கு எப்படித் தெரியும்? நீ ஆசையா ஜோடிச்சு வச்சிருக்கன்னு நினைச்சேன். வரியை அழிக்க மனசு வரல, நீ கஷ்டப்பட்டு டைப் பண்ணது. அதான் பார்டரை மட்டும் பிரிச்சேன். மத்த வரி மாதிரி அதுவும் சும்மாக் கிடக்கட்டும்னு.”

பாஸ் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். நான் மறைக்கவில்லை, சிரித்துவிட்டேன். வாசலில் தோரணத்தை அறுப்பதாக நினைத்துச் சிறைக் கதவைத் திறந்து விட்டிருக்கிறார் மனுஷர். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. “எல்லாமே அவர் வேண்டாம்னு கிறுக்கித் தள்ளின வரிங்க. படிக்க முடியாததால பத்துத் தடவை சொன்னேன். இப்போ என் வேலையே போகுது. அவர் பேரும் போச்சு.”

அவருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. “யார்கிட்டச் சொல்லணும்? நானே சொல்றேன். போனைக் கொடு.”

எழுத்தாளரின் மகளுக்கு பாஸ் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். தையல்காரர் எழுந்து நின்று பேசினார். மெஷின் நின்றதிலிருந்து பார்டர் பிரித்தது வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை.

“என்னென்ன வரி?” என்றது கடைசியில் மகளின் குரல், கண்டிப்பாக.

அவர் சொன்னார். கதவு சுவரானதைச் சொன்னார். ஒற்றைச் செருப்பைச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, மனைவி நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவள் கெஞ்சிய இடத்தில் கெஞ்சி, ஒரு சொல் பிசகாமல் எல்லாவற்றையும் சொன்னார். பூதக்கண்ணாடி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். தன் குரல் இன்னொருவர் வாயிலிருந்து வருவதை அவள் அதற்குமுன் கேட்டிருக்க மாட்டாள்.

போனில் ஒரு சிரிப்பு, கொஞ்சம் நனைந்த சிரிப்பு.

“அப்பா அச்சுல போட்ட வரியே எனக்கு ஒண்ணும் மனப்பாடம் கிடையாது. அவர் வேண்டாம்னு எறிஞ்சதை நீங்க இப்படி வச்சிருக்கீங்க. நாளைக்குள்ள எல்லாத்தையும் மறுபடி மூடிடச் சொல்லுங்க. உங்க வீட்டம்மாவே மூடட்டும். வேற யாரும் அப்பா தாளைத் தொட வேண்டாம்.”

போன் அணைந்தது. தையல்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அந்தக் குரல்ல நீ என்கிட்டப் பேசினதே இல்ல,” என்றார், இப்போது மனைவியைப் பார்த்து.

“படிக்க முடியாத கையெழுத்துக்குத்தாங்க அந்தக் குரல்,” என்றாள் அவள். “உங்களை நான் முழுசாப் படிச்சுட்டேன்னு நினைச்சுட்டிருந்தேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு கோட்டை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார்.

“இனிமே வீட்ல வாய்விட்டுப் படிக்க மாட்டேன்,” என்றாள்.

“இல்ல, இல்ல. படி.” தயங்கினார். “நீ படிச்சதுல அந்தப் பொண்ணு கதவைத் திறந்தா. அதையும் அவர் அடிச்சுட்டாருன்னு சொல்ற. அப்போ நிஜமா என்னதான் ஆச்சு? திறந்தாளா இல்லையா?”

“அதை அவர் தெளிவா எழுதியிருந்தார். அதனால நான் சத்தமாப் படிக்கவே இல்ல.”

“இன்னைக்குப் படி,” என்றார் அவர். அவள் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

நாங்கள் தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்திருப்போம். பின்னால் மெஷின் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை.

“பொறாமைக்காரனைப் பொறாமைக்காரன் கண்டுபிடிச்சிருக்கணும் வால்,” என்றார் பாஸ். “நீ எப்படிக் கோட்டை விட்ட?”

“நான் வேற ஆள்மேல பொறாமையா இருந்தேன் பாஸ்.”

“தெரியும்,” என்றார். அங்கிருந்த கடையில் நின்று, இரண்டு காபி சொன்னார்.